அருட்சாதனம், சாக்கிரமெந்து, தேவதிரவிய அனுமானம்: மூன்றும் ஒன்றா?

கீழவாசல் டிடிபி எழுதியது:

வணக்கம். சொல்லாராய்ச்சிக்காரர்கள் கூடுகிற இடம் என்பதால் இங்கே கேட்கிறேன். அச்சகத்துக்கு டிடிபி அடித்து மெய்ப்பு பார்ப்பது என் தொழில். நான் கும்பிடுவது மீனாட்சியம்மனை. ஆனால் வியாகுல மாதா கோயில் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) வீட்டுக் கல்யாணப் பத்திரிகை, புதுநன்மை அட்டை, முப்பதாம் நாள் நினைவு அட்டை எல்லாம் கை பழகிய வேலை.

இப்போது ஒரு கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறது. பெண் ஆர்.சி., மாப்பிள்ளை சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, சீர்திருத்த வழி). பெண் வீட்டார் ‘திருமணம் என்னும் அருட்சாதனத்தால் இணையும்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். ப்ரூஃப் மாப்பிள்ளையின் பெரியப்பா கைக்குப் போனது. திரும்பி வந்தபோது ‘அருட்சாதனத்தால்’ மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில், பழைய வாத்தியார் கையெழுத்தில், ‘சாக்கிரமெந்து இரண்டு மட்டுமே’. அதைப் பெண்ணின் பாட்டியிடம் படித்துக் காட்டியிருக்கிறார்கள். பாட்டி, “ரெண்டா? தேவதிரவிய அனுமானம் ஏழுல்ல!” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாராம்.

எனக்கு இதில் பக்கம் சேருகிற எண்ணம் இல்லை. அகராதியில் சாக்ரமெண்ட் என்பதற்குச் ‘சடங்கு’ என்று போட்டு முடித்துவிட்டார்கள். லத்தீனில் அதன் மூலப்பொருள் என்ன? ஒரு சொல்லுக்கு தமிழில் மூன்று வேஷம் எப்படி வந்தது?

பசுமலை டீச்சர் எழுதியது:

தம்பி, அந்தப் பெரியப்பாவை எனக்குத் தெரியாது, ஆனால் சிவப்பு மையைப் பார்த்தாலே எங்கள் ஆள் என்று தெரிகிறது.

விஷயம் இதுதான். கத்தோலிக்கருக்கு ஏழு. ஞானஸ்நானம், உறுதிபூசுதல், நற்கருணை, பச்சாத்தாபம், அவஸ்தைப்பூசுதல், குருத்துவம், மெய்விவாகம். இவை பாட்டி காலத்துப் பெயர்கள். இப்போது திருமுழுக்கு, ஒப்புரவு, நோயில்பூசுதல் என்று மாற்றிவிட்டார்கள். சி.எஸ்.ஐ.யில் இரண்டே இரண்டு: ஞானஸ்நானம், திருவிருந்து. ஆண்டவர் தாமே ஏற்படுத்தினார் என்று சுவிசேஷத்தில் இருப்பவை இவை மட்டும் என்பது சீர்திருத்தக்காரர்களின் கணக்கு. திருமணத்தை நாங்கள் மட்டமாக நினைக்கவில்லை. தேவன் ஏற்படுத்திய நிலை, கோயிலில் ஆசீர்வாதம் பெறுகிறோம். ஆனால் சாக்கிரமெந்து என்று சொல்ல மாட்டோம்.

இந்தச் சண்டைக்கே காரணம் ஒரு மொழிபெயர்ப்பு. எபேசியர் 5:32. எங்கள் பழைய தமிழ் வேதத்தில் “இந்த இரகசியம் பெரியது” என்று இருக்கும். புருஷன் மனைவி உறவைச் சொல்லிவிட்டு பவுல் எழுதிய வரி. கிரேக்கத்தில் அந்தச் சொல் மிஸ்தேரியோன், அதாவது மறைபொருள். லத்தீன் வேதத்தில் அதை சாக்ரமெந்தும் என்று போட்டார்கள். லத்தீனில் படித்தவனுக்கு ‘இது பெரிய சாக்ரமெந்து’ என்று கண்ணுக்கு நேரே தெரிந்தது. 1520-இல் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூதர் எழுதியபோது, மூலத்தில் மறைபொருள் என்றுதானே இருக்கிறது, இந்த ஒரு சொல்லை வைத்துத் திருமணத்தைச் சாக்கிரமெந்து ஆக்கலாமா என்று கேட்டார். ஆக, உங்கள் மேஜைக்கு வந்த சிவப்புக் கோடு 500 வருஷம் பழசு.

கருமாத்தூர் பழைய மாணவன் எழுதியது:

டீச்சர் சொன்னது சரி, ஒரு சின்னச் சேர்க்கை. கத்தோலிக்க பக்கமும் அந்த ஒரு வரியில் மட்டும் தொங்கவில்லை. ஆனால் சொல்லின் கதை அதைவிட வெகு முன்னால் தொடங்குகிறது. நான் கொஞ்ச காலம் குருமடத்தில் இருந்துவிட்டு வந்தவன். அங்கே ஒட்டிக்கொண்ட லத்தீன் இன்னும் முழுக்க உதிரவில்லை. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாக்ரமெந்தும் என்பது முதலில் கோயில் சொல்லே இல்லை. கோர்ட் சொல்.

பழைய ரோமச் சட்டத்தில் ஒரு வழக்கு முறை இருந்தது. இது என் மாடு என்று நான் சொல்கிறேன், என் மாடு என்று நீங்கள் சொல்கிறீர்கள். இருவரும் ஆளுக்கு ஒரு தொகையைப் பணயமாக வைக்க வேண்டும். அந்தத் தொகைக்குப் பெயர்தான் சாக்ரமெந்தும். வழக்குப் பொருளின் மதிப்பு ஆயிரம் ஆஸ் (அந்தக் காலச் செப்புக் காசு) அல்லது அதற்கு மேல் என்றால் 500, அதற்குக் கீழே என்றால் 50. ஜெயித்தவர் பணம் திரும்பி வரும். தோற்றவர் பணம் பொதுக் காரியத்துக்குப் போய்விடும். யாருடைய பணயம் நியாயமானது என்றுதான் நீதிபதி தீர்ப்புச் சொல்வார், மாடு யாருடையது என்று நேராகச் சொல்ல மாட்டார். மாடு தானாகப் பின்னால் வரும்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விதிவிலக்கு உண்டு. ஒருவன் அடிமையா, சுதந்திரனா என்பது வழக்கு என்றால், அந்த ஆளின் விலை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பணயம் 50 மட்டும்தான். அவனுக்காக வாதாட முன்வருபவர் பணச் சுமைக்குப் பயந்து பின்வாங்கக் கூடாது என்று சட்ட ஆசிரியர் கயுஸ் காரணமும் எழுதி வைத்திருக்கிறார்.

பணயத்துக்கு ஏன் இப்படி ஒரு பெயர்? பணத்தைப் புனித இடத்தில் வைத்ததால் என்று பழைய ரோம அறிஞர் வார்ரோ விளக்குகிறார். வேர், ஸாக்கெர். தெய்வத்துக்கு என்று ஒதுக்கப்பட்டது என்று பொருள். ஒதுக்கப்பட்டது புனிதமாகவும் இருக்கலாம், சபிக்கப்பட்டதாகவும் இருக்கலாம். ஒரு மனிதனை ஸாக்கெர் என்று அறிவித்துவிட்டால் அவனைக் கொன்றவன் மேல் கொலைக் குற்றம் வராது. அவன் இனி தெய்வத்தின் கையில்.

மேலூரான் எழுதியது:

அண்ணே, அப்ப தோத்தவனுக்கு டெபாசிட் காலின்னு சொல்லுங்க.

ஆனால் விளையாட்டில்லை, இதைப் படித்ததும் எனக்கு அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்புதான் ஞாபகம் வருகிறது. எங்கள் பக்கம் களவு, கொடுக்கல் வாங்கல் தகராறு எதுவும் பேசித் தீரவில்லை என்றால் “வா, கருப்பு வாசல்ல வந்து சத்தியம் பண்ணு” என்பார்கள். அங்கே சிலை கிடையாது, மூடிய கதவுதான் சாமி, சந்தனம் அப்பியிருக்கும். பொய்ச் சத்தியம் செய்தவன் கதையைக் கருப்பு பார்த்துக்கொள்வான், ஊர் தலையிடாது. எங்கள் சித்தப்பா ஒருவர் வரப்புத் தகராறில் படி வரைக்கும் போனார். எதிராளி கதவைப் பார்த்தார், சந்தனத்தைப் பார்த்தார், “விடுப்பா, நாலடி தானே” என்று திரும்பி நடந்துவிட்டார். சர்வேயர் வந்து சங்கிலி பிடித்தும் தீராதது அங்கே தீர்ந்தது.

கருமாத்தூர் பழைய மாணவன் எழுதியது:

மேலூராரே, நீங்கள் அடுத்த படிக்கு என்னை இழுத்து விட்டுவிட்டீர்கள். சாக்ரமெந்தும் என்பதன் இரண்டாவது பொருள் சத்தியம்தான். குறிப்பாகப் படைவீரன் செய்யும் சத்தியம்.

ரோமப் படையில் சேருகிறவன் தளபதிக்குக் கட்டுப்படுவேன், கொடியை விட்டு ஓட மாட்டேன் என்று பிரமாணம் செய்வான். ஒருவன் முழு வாசகத்தையும் சொல்வான். மற்றவர்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்து ‘இதெம் இன் மே’ என்பார்கள், ‘எனக்கும் அதுவே’ என்று அர்த்தம். பேரரசர்கள் காலத்தில் ஆண்டுதோறும் ஜனவரியில் இதைப் புதுப்பிப்பார்கள். கி.பி. 69 ஜனவரி முதல் தேதி ரைன் நதிக்கரைப் படைகள் பேரரசர் கல்பா பெயரில் சத்தியம் செய்ய மறுத்ததில்தான் அந்த வருஷத்துக் குழப்பமே பெரிதானது. சத்தியத்தை மீறினவன் ஸாக்கெர்.

இந்தப் பொருளில்தான் கிறிஸ்தவர்களைப் பற்றி முதன்முதலாக இந்தச் சொல் வருகிறது. எழுதியது கிறிஸ்தவர் அல்ல. சுமார் கி.பி. 112-இல் கருங்கடல் ஓரம் பித்தினியாவை ஆண்ட இளைய பிளினி, மன்னர் திராயானுக்கு எழுதிய கடிதம். இவர்களை விசாரித்தேன், விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைப் பாடுகிறார்கள், ஒரு சாக்ரமெந்தும் எடுத்துக்கொள்கிறார்கள், அதுவும் குற்றம் செய்யச் சதி அல்ல, திருட மாட்டோம், கொள்ளையடிக்க மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம், நம்பி ஒப்படைத்த பொருளைக் கேட்கும்போது இல்லை என்று சொல்ல மாட்டோம் என்கிறார்கள் என்று கொஞ்சம் ஆச்சரியத்தோடு எழுதுகிறார்.

அடுத்த நூற்றாண்டுத் திருப்பத்தில் கார்த்தேஜ்காரர், கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன். சிறையில் இருந்த கிறிஸ்தவர்களுக்கு எழுதும்போது, ஞானஸ்நானத்தில் பதில் சொன்ன அன்றே நாம் கடவுளின் படையில் சேர்ந்துவிட்டோம் என்கிறார். அதே காலத்தில், அதே வட ஆப்பிரிக்காவில், வேதத்தை லத்தீனுக்குக் கொண்டுவந்தவர்கள் மிஸ்தேரியோனுக்கு சாக்ரமெந்தும் என்று எழுதினார்கள். மிஸ்தேரியும் என்ற கடன் சொல் லத்தீனில் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் அந்தக் காலத்து மற்ற மறைவழிபாட்டுக் கூட்டங்களின் வாசனை அடித்தது. ஆக சத்தியம் என்ற பொருளோடு மறைபொருள் என்ற பொருளும் ஒரே சொல்லில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பிற்பாடு வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன் கையில் அது மூன்றாவது திருப்பம் எடுத்தது: புனிதமான அடையாளம். அவர் இந்தச் சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்தினார். விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், ஞானஸ்நானத்துக்குத் தயாராகிறவர் நாவில் வைக்கும் உப்பு என்று பலதும் அவருக்கு சாக்ரமெந்தும்தான். ஏழு என்ற கணக்கு 12-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பீட்டர் லொம்பார்ட் எழுதிய பாட நூலில் நிலைபெற்றது. அதற்கு முன் 12 என்று எண்ணியவர்களும் உண்டு. 1439 புளோரன்ஸ் சங்கம், 1547 திரெந்து சங்கம் (ஆயர்கள் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கங்கள்) ஆகியவை ஏழுக்கு முத்திரை குத்தின. பாட்டி சொல்லும் “ஏழுல்ல!” என்பது திரெந்தின் குரல்.

நாகமலை எழுதியது:

எல்லாம் சரி. இது நம் சம்ஸ்காரம் என்ற சொல் மேற்கே போனதுதானே? சம்ஸ்காரம், சாக்ரமெண்ட். ஓசையைப் பாருங்கள். பதினாறு சம்ஸ்காரத்தில் விவாகமும் ஒன்று. ஆங்கிலப் புத்தகங்களிலேயே சம்ஸ்காரத்துக்கு சாக்ரமெண்ட் என்றுதான் போடுகிறார்கள்.

ஒத்தக்கடை வக்கீல் எழுதியது:

ஓசையைப் பார்த்தால் மாமனாரும் மாமரமும் உறவு என்று ஆகிவிடும் சார். சம்ஸ்காரம் என்பது ஸம் சேர்ந்த க்ரு, நன்றாகச் செய்வது, பண்படுத்துவது. சமஸ்கிருதம் என்ற பெயரும் அதே வேரில்தான். ஸாக்கெர் வேறு குடும்பம்.

ஆனால் நீங்கள் சொன்ன மொழிபெயர்ப்பு எங்கள் தொழிலில் பெரிய விஷயம். சட்டக் கல்லூரியில் குடும்பச் சட்டம் எடுத்தால் முதல் வகுப்பே ‘இந்துத் திருமணம் சாக்ரமெண்ட், முஸ்லிம் திருமணம் ஒப்பந்தம்’ என்றுதான் ஆரம்பிக்கும். 1955 இந்து திருமணச் சட்டம் விவாகரத்தை அனுமதித்த பிறகு அது இன்னும் சாக்ரமெண்ட்தானா என்று பரீட்சையில் பத்து மார்க் கேள்வி வரும். பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஒப்பந்தத்துக்கு நேர் எதிர் சாக்ரமெண்ட், அது தெய்வ சம்பந்தமானது, முறிக்க முடியாதது என்றுதான் எழுதினோம். இப்போது பார்த்தால் அந்தச் சொல்லே கோர்ட்டில் கட்டின பணமாம்! பேராசிரியர் யாரும் இதைச் சொல்லவில்லை. தோற்றால் பணம் போகும் என்று தெரிந்து இரண்டு பேர் எதிரெதிராக நின்று கட்டியது. இதைவிட ஒப்பந்த வாசனை எதில் அடிக்கும்?

இன்னொன்று. டிடிபி தம்பியின் கேள்வியில் சட்டம் குறுக்கே வராது. ஆர்.சி. கோயிலோ சி.எஸ்.ஐ. கோயிலோ, 1872 இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் கீழ்தான் பதிவு. பத்திரிகையில் என்ன போட்டாலும் பதிவேட்டில் சாக்கிரமெந்து என்ற கட்டம் கிடையாது.

கூலவாணிகம் எழுதியது:

கீழமாசி வீதியில் பருப்பு மண்டி வைத்திருக்கிறேன், பெயருக்கு அர்த்தம் அதுதான். மணிமேகலை பாடிய சாத்தனாரும் மதுரைக் கூலவாணிகர் என்பதால் வைத்துக்கொண்டேன்.

நீங்கள் எல்லோரும் லத்தீனிலேயே நிற்கிறீர்கள். பாட்டி சொன்ன சொல்லை யாரும் தொடவில்லை. தேவதிரவிய அனுமானம்! நான் முதல் தடவை கேட்கிறேன். இன்றைய பேச்சில் ‘அனுமானமாகச் சொல்கிறேன்’ என்றால் குத்துமதிப்பாகச் சொல்கிறேன் என்று அர்த்தம். ‘தேவனுடைய சொத்தைப் பற்றி ஒரு குத்துமதிப்பு’ என்றா பெயர் வைத்திருப்பார்கள்?

அனுமானம் என்பது தர்க்க நூல் சொல். மலையில் புகை தெரிகிறது, நெருப்பு தெரியவில்லை. புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்பதால் நெருப்பு உண்டு என்று நிச்சயமாக அறிகிறோம். அதுதான் அனுமானம். மணிமேகலையில் அளவைகளை, அதாவது அறியும் வழிகளைப் பேசும் பகுதியிலும் இந்தப் புகையும் நெருப்பும் வருகிறது. குத்துமதிப்பு என்ற பொருள் பிற்பாடு தேய்ந்து வந்தது. அதே போல திரவியம் என்றால் இன்று நமக்குச் செல்வம். எங்கள் மண்டியிலேயே திரவியம் என்று ஒரு கணக்குப்பிள்ளை இருந்தார். ஆனால் தர்க்க நூலில் திரவியம் என்றால் பொருள், வஸ்து. வைசேஷிகர்கள் என்ற தத்துவப் பிரிவினர் மண், நீர், தீ, காற்று, வான், காலம், திசை, ஆன்மா, மனம் என்று ஒன்பது திரவியம் சொல்வார்கள். இதில் எதை வைத்துப் பாதிரிமார் இந்தப் பெயரைக் கட்டினார்கள்?

கருமாத்தூர் பழைய மாணவன் எழுதியது:

அண்ணாச்சி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு எழுந்து இரண்டு முறை அறைக்குள் நடந்தேன்.

பீட்டர் லொம்பார்டின் பாட நூலில் சாக்ரமெந்துக்கு இலக்கணம் மூன்றே சொல்: ‘சாக்ரே ரெயி சிக்னும்’. ஐரோப்பாவில் நூற்றாண்டுக்கணக்கில் இறையியல் படித்த ஒவ்வொருவனும் மனப்பாடம் செய்த தொடர். சாக்ரே, புனிதமான. ரெயி, பொருளினுடைய. சிக்னும், அறிகுறி.

தேவ. திரவிய. அனுமானம்.

அதே வரிசையில், ஒன்றுக்கு ஒன்று பொருந்துகிறது. ‘ரெஸ்’ என்றால் பொருள், வஸ்து, அதற்குச் சரியான தர்க்கச் சொல் திரவியம். கண்ணுக்குத் தெரிகிற தண்ணீரும் எண்ணெயும் அப்பமும் புகை. தெரியாத அருள் நெருப்பு. வெறும் ‘அடையாளம்’ என்று போட்டிருந்தால் ஊர்ப் பெயர்ப்பலகை கூட அடையாளம்தான். அனுமானம் என்றால் அறிகுறி இருக்கும் இடத்தில் பொருள் கட்டாயம் இருக்கிறது என்ற உறுதியும் சேர்ந்து வருகிறது. கத்தோலிக்க போதனை வலியுறுத்துவதும் அதைத்தான். இந்தச் சொல்லைக் கட்டியவர் லொம்பார்டையும் படித்திருக்கிறார், நம் தர்க்கத்தையும் படித்திருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இயேசு சபைக் குருக்கள் நடத்திய மதுரை மிஷனின் போக்கே அது. 1606-இல் இங்கே வந்த ராபர்ட் தெ நொபிலிக்கு முன்னால், கடற்கரைப் பக்கம் போர்த்துகீசிய வழியில் சொற்களை அப்படியே ஒலிபெயர்த்தார்கள். அண்டிரிக் அடிகளார் 1579-இல் கொச்சியில் அச்சிட்ட நூலின் பெயரே ‘கிரிசித்தியானி வணக்கம்’. நொபிலி காவி கட்டி, மரக்கறி சாப்பிட்டு, சமஸ்கிருதமும் தமிழும் பண்டிதர்களிடம் உட்கார்ந்து கற்றார். அவருக்குப் பின் இங்கே வழங்கிய சொற்களைப் பாருங்கள்: குரு, வேதம், பூசை, பிரசாதம். இதற்காக அவர் மேல் ரோமாபுரி வரை புகார் போய், 1623-இல் போப் பதினைந்தாம் கிரகோரி அனுமதி கொடுத்த பிறகுதான் மூச்சு விட்டார்.

பசுமலை டீச்சர் எழுதியது:

பொருத்தம் அழகாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. தர்க்கம் படித்தவருக்கு அது புரிந்திருக்கும். குறிப்பிடத்தை (ஞானோபதேச வினாவிடைப் புத்தகத்தை) மனப்பாடம் செய்த பாட்டிக்கு? அவருக்குத் திரவியம் என்றால் செல்வம், மோட்சத்துச் செல்வம் ஏழு பெட்டியில் வருகிறது என்றுதான் தோன்றியிருக்கும். எங்கள் பக்கம் தரங்கம்பாடி லுத்தரன் மரபிலிருந்து வந்த சாக்கிரமெந்தை அப்படியே வைத்துக்கொண்டோம். புரியாத சொல்தான். ஆனால் புரியவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், ஓய்வுநாள் பள்ளியில் வாத்தியார் விளக்கியே ஆக வேண்டும். பாதி புரிகிற சொல் அதைவிடச் சிக்கல். பிள்ளைகள் தாங்களாகவே ஓர் அர்த்தம் வைத்துக்கொள்வார்கள், நாமும் திருத்த மாட்டோம்.

கூலவாணிகம் எழுதியது:

டீச்சரம்மா, பாட்டி செல்வம் என்று எடுத்துக்கொண்டதில் என்ன கெட்டுப்போயிற்று? லத்தீனில் அது கோர்ட் பணமாக ஆரம்பித்தது என்று மேலே இவரே எழுதியிருக்கிறாரே. சுற்றிச் சுற்றி வந்தாலும் பணத்தில்தான் நிற்கிறது.

கீழவாசல் டிடிபி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நான் கேட்டது ஒரு வரி, கிடைத்தது ஒரு புத்தகம். பத்திரிகை விஷயம் முடிந்துவிட்டது. பெண்ணின் அப்பாவும் மாப்பிள்ளையின் பெரியப்பாவும் நேரில் வந்து, என் மானிட்டர் முன்னால் ஆளுக்கொரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, ‘திருமணத்தால் இணையும்’ என்று வைத்துவிட்டுப் போனார்கள். ‘என்னும் அருட்சாதனம்’ எடுத்ததில் வரி குறைந்து இடம் விட்டது. அந்த இடத்தில் பெரியப்பா எபேசியர் 5:32-ஐப் போடச் சொன்னார், பெண்ணின் அப்பா எந்த மொழிபெயர்ப்பு என்று கேட்டார். நான் அவசரமாக இரண்டு மோதிரம் படத்தைப் போட்டு நிரப்பிவிட்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. அருட்சாதனம் என்பதில் ‘சாதனம்’ எதற்கு? சாதனம் என்றால் எங்களுக்கு மிக்ஸி, கிரைண்டர்.

கருமாத்தூர் பழைய மாணவன் எழுதியது:

மூன்றில் லத்தீன் சொல்லின் உருவத்துக்கு மிக நெருக்கமாக இருப்பது அதுதான் தம்பி. சாக்ரமெந்தும் என்பதில் முன்பாதி சாக்ராரே, புனிதப்படுத்துவது. பின்பாதி ‘மெந்தும்’, ஒரு செயலை முடித்துக் கொடுக்கும் கருவியைக் குறிக்கும் விகுதி. டாக்குமெண்ட் என்ற சொல்லில் இருப்பதும் அதே வால். அந்தச் சொல்லின் மூலம் லத்தீனில் ‘கற்பிக்க உதவுவது’. சிமெண்டிலும் அந்த வால் உண்டு. ஆக, சாதனம் என்பது மெந்தும் விகுதிக்கு நேர். அருளடையாளம் என்று சொல்வோரும் இருக்கிறார்கள், அது அகுஸ்தீன் வழி. கருவி என்றால் காரியம் நடக்கும், அடையாளம் என்றால் சுட்டிக் காட்டும். இரண்டும் சேர வேண்டும் என்பது சபையின் போதனை. தமிழில் இரண்டையும் ஒரே சொல்லில் கட்டியது பாட்டியின் சொல்தான் என்பது என் கட்சி.

மேலூரான் எழுதியது:

அண்ணே, ஒண்ணே ஒண்ணு. டீச்சரக்கா பட்டியலில் அவஸ்தைப்பூசுதல் என்று இருந்ததே? பெயரைக் கேட்டாலே வயிற்றைக் கலக்குகிறது. என் கூட்டாளி வீட்டில் அவர் தாத்தாவுக்கு முடியாமல் இருந்தபோது சாமியாரைக் கூப்பிடலாமா என்று கேட்டதற்கு, “நான் இன்னும் சாகலடா” என்று தாத்தா செம்பைத் தூக்கி எறிந்துவிட்டார்.

கருமாத்தூர் பழைய மாணவன் எழுதியது:

தாத்தா மேல் தப்பில்லை. லத்தீனிலும் அதன் பெயர் ‘எக்ஸ்திரேமா உன்க்ஸியோ’, கடைசிப் பூசுதல் என்றே நடைமுறையில் ஆகிவிட்டது. நம் ஊரில் சாகக் கிடக்கும் நிலையை அவஸ்தை என்பதால் அந்தப் பெயர். சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு தெருவில் நுழைந்தாலே பக்கத்து வீட்டில் அழ ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் யாக்கோபு கடிதம் 5-ஆம் அதிகாரத்தில் நோயாளி எழுந்திருக்கத்தான் எண்ணெய் பூசச் சொல்லியிருக்கிறது. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இதைக் கடைசிப் பூசுதல் என்பதைவிட நோயாளிகளுக்கான பூசுதல் என்பதே பொருத்தம் என்று சொல்லிவிட்டது. நோயில்பூசுதல் என்ற பெயர் அப்புறம் வந்தது. பெரிய ஆபரேஷனுக்கு முன்னால் கேட்டு வாங்கிக்கொள்கிறவர்கள் உண்டு, குணமாகி மறுபடி நோய் வந்தால் மறுபடியும் பெறலாம். தாத்தாவிடம் புதுப் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். செம்பை மட்டும் முதலில் எடுத்து வைத்துவிடச் சொல்லுங்கள்.